அரையிஞ்ச் அண்ணன்

பின் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே நான்கு விரலை நுழைத்துக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பி வைத்திருக்கிறார் அண்ணன், நாடி பிடித்துப் பார்க்கிற வைத்தியர் மாதிரி. வண்டிக்குச் சொந்தக்காரன் பக்கத்தில் நின்று நகத்தைக் கடிக்கிறான். வைத்திருப்பது சின்னக் கார். அதற்குப் போடக் கேட்பதோ, இருக்கிறதைவிட இரண்டு இஞ்ச் அகலமான சக்கரம். விரலை உருவிக் கந்தைத் துணியில் துடைத்துவிட்டு, எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை அவனிடமும் கேட்கிறார்.

"பின் சீட்டுல யாரு உக்காருவாங்க?"

"யாருமில்லண்ணே. நானும் ஃப்ரெண்டும்தான். முன்னாடியே உக்காந்துப்போம்."

"இன்னைக்கு ஃப்ரெண்டு. நாளைக்குக் கல்யாணம் ஆகும்ல? மாமியார் வரும்ல? மாமியார மனசுல வெச்சுதான் தம்பி அளவெடுக்கணும். ஒண்ணரை இஞ்ச் போடு. அரையிஞ்ச் கொறஞ்சதுல உன் அழகு ஒண்ணும் கொறஞ்சுடாது."

டயர் கடையே சிரிக்கும். அவர் சிரிக்க மாட்டார். அதிகம் கேட்பவனுக்கு அரை இஞ்ச் குறைப்பார், பயந்து பயந்து கேட்பவனுக்கு அரை இஞ்ச் கூட்டுவார், கேட்டதைக் கேட்டபடி கொடுத்ததாகச் சரித்திரம் கிடையாது. அரையிஞ்ச் அண்ணன் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. வீட்டில் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. பின்னால் ஆள் உட்கார்ந்தால் சின்ன வண்டி பதியும். மட்கார்டின் விளிம்பு இறங்கி வந்து அகல டயரைத் தொடும். தொட்டால் உரசும், உரசினால் ஒருநாள் வேகத்தில் போகும்போது கிழியும். அதனால் புதுச் சக்கரம் மாட்டியதும் அவர் வண்டியை அப்படியே அனுப்புவதில்லை. வண்டிக்காரனின் குடும்பம் வந்திருந்தால் குடும்பத்தை ஏற்றுவார். வராவிட்டால் டீ கொண்டு வந்தவர், வழி கேட்க வந்தவர், எதிர்க்கடைத் தையல்காரர் என்று கண்ணில் பட்டவர்களையெல்லாம் பின் சீட்டில் திணிப்பார். பிறகு தரையில் ஒருக்களித்துப் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே, "குதிங்க, நல்லா குதிங்க, ஒங்க அப்பன் வீட்டு சீட்டா?" என்பார். தையல்காரர் பாவம், உடம்பு கனமானவர். பாதி வேலை நேரம் அடுத்தவன் காரில்தான் குதித்துக்கொண்டிருப்பார்.

அகலத்தை விற்கிறவர் ஆள் என்னவோ ஒல்லி. சட்டைக்குள் ஹேங்கரை விட்டுவிட்டுப் போட்டுக்கொண்டது போல இருப்பார். தெருவில் போகிறவர்களை முகத்தை வைத்து அடையாளம் தெரியாது, சக்கரத்தை வைத்துத்தான் தெரியும். துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலிருந்து திரும்பி வரும் வழியில், "பாவம்" என்று அவர் சொல்ல, இறந்தவரைத்தான் சொல்கிறார் என்று மனைவி நினைத்தாள். "அந்த வீட்டு வண்டில எடது டயர் ஒரு பக்கமாவே தேயுது" என்று முடித்தார் அவர்.

இவ்வளவு பேசுகிறவரின் சொந்தக் காரைப் பார்க்க வேண்டும். அடர் சிவப்பு. கடை வாசலில் சாலையைப் பார்த்து நிற்கும். நான்கு சக்கரமும் உடம்பை விட்டு வெளியே துருத்திக்கொண்டு, சண்டைக்கு நிற்கிறவன் காலை அகட்டியது போல இருக்கும். ஊருக்குத்தான் உபதேசம். அவர் வண்டியில் பின்னால் ஒரு குழந்தை ஏறினாலே டயர் கீச்சென்று கத்தும். ஆனால் அதைப் பார்த்துவிட்டுத்தான் பாதிப் பேர் கடைக்குள் வருகிறார்கள். "இது நிக்கிற வரைக்கும் எனக்கு போர்டே வேணாம்" என்பார் கடை முதலாளி. வாழ்க்கையில் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு மனிதரை, அந்தச் சிவப்பு வண்டியை ஓட்டிப் போகும்போது தெருவே திரும்பிப் பார்த்தது. அந்த ருசி கண்டுவிட்டால் விடுவது கஷ்டம்.

ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் கேட்டார். "எங்களுக்கு மட்டும் மாமியார் கணக்கு சொல்றீங்க, உங்க வண்டில எப்படிண்ணே இவ்ளோ அகலம்?" அண்ணன் அப்போது ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தார். அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"என் வண்டில பின்னாடி உக்கார ஆளில்லப்பா. எனக்கென்ன?"

அவர் மனைவி சாப்பாட்டுப் பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பழைய டயர் அடுக்கின் மேல் பையை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். பை இருப்பதைப் பார்த்த அண்ணன், வந்தவள் சொல்லாமல் போய்விட்டாளே என்று நினைத்தார், சாப்பிட்டார், மறந்தார்.

அன்றிலிருந்து அவள் அந்தக் காரில் ஏறவில்லை. கடைத்தெருவுக்குப் பஸ், தங்கை வீட்டுக்குப் பஸ். ஒரு கல்யாணத்துக்கு இவர் காரில் முன்னால் போக, அவளும் மகளும் பஸ்ஸில் பின்னால் வந்து சேர்ந்தார்கள். அவளுக்குக் கார் வாசனை ஒத்துக்கொள்வதில்லை என்று இவர் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படி அவள் ஒருநாளும் சொன்னதில்லை. சக்கரம் எங்கே உரசுகிறது என்று தரையில் காதை வைத்துக் கேட்கிற மனிதர், வீட்டுக்குள் வருடக்கணக்காக உரசியதைக் கேட்கவில்லை. செவிடு என்றால் இதுதான் செவிடு.

மகள்தான் சொன்னாள், ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து. அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்த ஆபரேஷன் முடிந்திருந்தது. தையல் போட்டிருந்தார்கள். வண்டியில் அழைத்துப் போகும்போது குலுங்கக் கூடாது, பின் சீட்டில் சாய்த்து உட்கார வையுங்கள் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். "நாளைக்கு நம்ம வண்டிலயே கூட்டிட்டுப் போயிடலாம்" என்றார் இவர்.

"ஒங்க வண்டி" என்றாள் மகள். "அம்மா ஏன் பஸ்லயே போறாங்கன்னு ஒரு நாளாவது கேட்டீங்களாப்பா?" கடை வாசலில் நடந்ததை அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"நான் லோடத்தானே சொன்னேன்" என்றார் அண்ணன். "பின்னாடி லோடு இல்லைன்னு சொன்னேன். அவளச் சொல்லலயே."

"அதான்பா. அவங்கள நீங்க சொல்லவே இல்ல."

அன்று சாயங்காலமே கடைக்குப் போனார். கடையின் பின்புறம், அகலமான அலாய் சக்கரம் போட்டுக்கொண்டு போனவர்கள் விட்டுப்போன, கம்பெனியிலிருந்தே வந்த இரும்பு வீல்கள் துருப்பிடித்துக் கிடந்தன. தன் வண்டிக்குப் பொருந்துகிற நான்கைத் தேடி எடுத்தார், டயரோடு. தன் சக்கரங்களைத் தானே கழற்றினார். மற்றவர்கள் உதவிக்கு வந்தபோது வேண்டாம் என்றார். ஒல்லியான டயர்கள் மட்கார்டுக்குள் ஒதுங்கிக்கொள்ள, சிவப்புக் கார் கூனிக் குறுகி நின்றது.

"என்னண்ணே, வண்டி எளச்சுப் போச்சு? காய்ச்சலா?" என்றார் முதலாளி.

அண்ணன் தையல்காரரையும் முதலாளியையும் பின் சீட்டில் ஏற்றி, குண்டும் குழியுமான பின் தெருவில் மெல்ல ஓட்டினார். "குலுங்குதா? வயித்துல புடிக்குதா?" என்று ஒவ்வொரு குழிக்கும் கேட்டார். "தூக்கம் வருதுய்யா" என்றார் தையல்காரர். அண்ணன் முகத்தில் அன்றைக்கு முதல் முறையாக ஒரு சந்தோஷம் தெரிந்தது. பார்த்தவர்களுக்கு அது பாவமாக இருந்தது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில், படிக்கு நேராக, பக்கவாட்டில் வண்டியை நிறுத்தினார். சக்கரம் தெரிய வேண்டும் என்று அப்படி நிறுத்தினார். பின் கதவைத் திறந்து வைத்து, சீட்டில் போர்வையை நான்காக மடித்துப் போட்டார். மனைவி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் வயிற்றைத் தாங்கியபடி படியிறங்கி வந்தாள். காரைப் பார்த்தாள். அவள் என்றைக்கு அதன் சக்கரத்தைப் பார்த்திருக்கிறாள்? அவளுக்கு அது அதே சிவப்புக் கார்தான்.

"வீல மாத்திட்டேன்" என்றார்.

"ம்."

"நாலையும் மாத்திட்டேன். நேத்தே. ஓட்டியும் பாத்துட்டேன். இப்ப உரசாது."

அவ்வளவுதான் வந்தது. சொல்ல வேண்டியது வேறு என்று அவருக்கே தெரிந்தது. தொண்டை வரைக்கும் வந்ததை வெளியே எடுக்க அவரிடம் ஸ்பேனர் இல்லை. தெரிந்த பாஷையில் தெரிந்ததைச் சொன்னார்.

மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் அவர் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார். "டாக்ஸி சொல்லியாச்சுங்க" என்றாள். "வந்து நிக்குது. பாவம், அந்தாளு ரொம்ப நேரமா காத்துட்டிருக்கார்." ரோட்டில் போகிற யாரோ ஒருவரிடம் பேசுகிற மரியாதைதான் அவள் குரலில் இருந்தது.

பின்னால் நின்ற டாக்ஸியில் மகள் அவளை ஏற்றினாள். இரண்டு பேரும் உட்கார்ந்ததும் டாக்ஸியின் பின்பக்கம் கொஞ்சம் பதிந்தது. அண்ணனின் கண் தானாகச் சக்கரத்துக்குப் போனது. தாராளமாக இடம் இருந்தது. கதவைச் சாத்தியதும் மனைவி ஜன்னல் வழியாக ஒரு துணிப்பையை நீட்டினாள்.

"இத மட்டும் எடுத்துட்டு வந்துடுங்க. இங்க கால் நீட்ட முடியல."

டாக்ஸி வளைந்து சாலையில் ஏறிப் போய்விட்டது. பின் கதவு திறந்த தன் காரின் முன்னால் அவர் பையோடு நின்றார். காவலாளி வண்டியை எடுக்கச் சொல்லி விசில் ஊதினான். அண்ணன் குனிந்து, மடித்த போர்வையின் நடுவில் பையை வைத்தார். மூலையில் சுருண்டிருந்த சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். யாரும் இழுத்துப் பழக்கமில்லாத பெல்ட், முரண்டு பிடித்தது. இரண்டு கையாலும் இழுத்து, பைக்குக் குறுக்கே கொண்டுவந்து, அது இறுகாதபடி ஒரு விரல் இடம் விட்டு, சத்தம் கேட்கும் வரை அழுத்தி மாட்டினார்.