நாலு கட்டத்திலும் பரவாயில்லை

அவர் தராசுகளுக்குச் சான்றிதழ் கொடுக்கிறவர். மருந்துக் கடை, மூட்டைக் கிடங்கு, ஆஸ்பத்திரி, பார்சல் ஆபீஸ் என்று எங்கெல்லாம் எடை போடுகிறார்களோ அங்கெல்லாம் போவார். தான் கொண்டுபோன எடைக்கற்களைத் தராசில் வைத்துப் பார்த்து, மூன்று பத்தியில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்: வைத்தது எவ்வளவு, காட்டியது எவ்வளவு, வித்தியாசம் எவ்வளவு. முப்பத்தோரு வருஷமாக இதே வேலை. சின்னக் கற்களை விரலால் தொடவே மாட்டார், இடுக்கியால்தான் எடுப்பார். விரல் பட்டால் விரலின் பிசுக்கும் எடையில் சேர்ந்துவிடுமாம். "ரெண்டு கிராம்தானே சார், பரவாயில்லை, விடுங்க" என்ற ஒரு மருந்துக் கடைக்காரரின் தராசில் அன்றைக்கே சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வந்தவர். "பரவாயில்லைன்னு எழுத என் ஃபாரத்துல இடமில்லீங்க" என்று ஒரு வரி வேறு சொல்லிவிட்டு வந்தாராம்.

இப்படிப்பட்ட மனிதர், வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நாக்கையும் கழற்றி வைத்துவிடுவார் போலிருக்கிறது. உள்ளே வந்தால் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வார்த்தைதான். காபி ஆறிப்போச்சே? பரவாயில்லை. புதுச் சட்டை பிடிச்சிருக்கா? பரவாயில்லை. மகள் பரீட்சையில் முதலாவதாக வந்தபோதும் பரவாயில்லை. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தபோதும் அதே பரவாயில்லை. அந்த வார்த்தை லேசுப்பட்டதல்ல. நன்றாக இருக்கிறது என்றாலும் அதுதான், எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்றாலும் அதுதான். எது என்று கேட்கிறவர்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

வண்டி வாங்கப் போன கதை அந்த வார்த்தையால்தான் அவ்வளவு இழுத்தது.

பழைய வண்டிக்கு வீட்டில் 'பெரியவர்' என்று பெயர். உயரமான, பதினாலு வயசான வண்டி. "பெரியவர் இன்னைக்கு எழுந்திருச்சாரா?" என்றுதான் காலையில் பேச்சே ஆரம்பிக்கும். பின்கதவைத் தூக்கினால் அது நிற்காது. துடைப்பக் கட்டையை முட்டுக்கொடுத்து நிறுத்த வேண்டும். ஒருநாள் கட்டை நழுவி, கதவு நம்மவர் முதுகில் விழுந்தது. மெக்கானிக் வண்டியைச் சுற்றி ஒருதரம் நடந்துவிட்டு, "இதுக்கு மேல இவரைத் தொந்தரவு பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டார். சின்ன எஸ்யூவி ஒன்று வாங்குவதென்று வீட்டில் முடிவானது.

அவருக்கு அந்த முடிவில் ஒரு சிக்கல் இருந்தது. காரணத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

கிடங்குகளின் பெரிய தராசைச் சோதிக்க, இருபது கிலோ இரும்புக் கற்கள் பத்து அவர் வண்டியிலேயே இருக்கும். போன இடத்தில் பத்தையும் இறக்கி, வேலை முடிந்ததும் திரும்ப ஏற்ற வேண்டும். ஒன்பது மாதமாக அவருடைய வலது தோள் அதற்கு ஒத்துழைக்கவில்லை. அவர் சும்மா இருப்பவரா? ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி ஷெட்டில் டேப்பை வைத்துத் தன்னையே சோதித்துப் பார்த்தார். தரையிலிருந்து அறுபத்தாறு சென்டிமீட்டர் வரை கை கல்லைத் தூக்கியது. அதற்கு மேல் ஒரு விரல்கடை போனாலும் தோளில் மின்சாரம் பாய்ந்தது. பெரியவரின் பின்வாசல் விளிம்பு தரையிலிருந்து எழுபது. அதனால் நடுவில் ஒரு முக்காலி போட்டு, முதலில் முக்காலிக்கு, அங்கிருந்து முட்டியால் தள்ளி வண்டிக்கு என்று பத்துத் தூக்கலை இருபதாக்கிக்கொண்டு காலத்தை ஓட்டினார். ஓய்வுபெற இன்னும் இரண்டு வருஷம். ஆபீஸில் தெரிந்தால் நாற்காலியில் உட்காரவைத்து மற்றவர்கள் எழுதிய சான்றிதழை டைப் அடிக்கச் சொல்வார்கள். அடுத்தவன் பார்த்த எடைக்குத் தான் அச்சடிப்பதா?

ஆகவே புது வண்டியில் அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பின்வாசல் அறுபத்தாறுக்குள் இருக்க வேண்டும். இதை வாயைத் திறந்து சொல்லியிருந்தால் ஒரே சனிக்கிழமையில் வேலை முடிந்திருக்கும்.

பார்த்து முடிக்கவே நாலு சனிக்கிழமை ஆனது.

முதல் ஷோரூமில் விற்பனையாளர் கதவைத் திறந்து, "உள்ள உட்கார்ந்து ஃபீல் பண்ணிப் பாருங்க சார்" என்றார். இவர் நேரே பின்பக்கம் போய்க் குனிந்து டேப்பை நீட்டினார். எழுபத்து நாலு. "சார், முக்கியமான விஷயமெல்லாம் முன்னாடி இருக்கு" என்று அந்த மனிதர் பின்னாலேயே ஓடிவந்தார். கூரை திறக்கும், வானம் தெரியும் என்றார். வானம் இதுவரை தெரியாமலா இருந்தது என்று இவருக்கு எரிச்சல். டாஷ்போர்டில் அறுபத்து நாலு நிறத்தில் விளக்கு எரியும் என்றார். அறுபத்து நாலு என்றதும் ஒரு கணம் காதைத் தீட்டினார். பிறகு அது வெறும் விளக்கு என்று தெரிந்து பல்லைக் கடித்தார்.

"எப்படி இருக்குங்க?" என்று மனைவி கேட்டாள்.

"பரவாயில்லை."

இரண்டாவது இடத்தில் எழுபத்தொன்று. கண்ணாடிக் கூரை, நீல நிறம். மகளுக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. வேலைக்குப் போகிற பெண், ஒரு மாதமாகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வண்டி வீடியோவாகப் பார்த்துத் தள்ளியவள். "அப்பா, இதுதான்பா. உங்களுக்கு?" அவருக்கு வந்த ஆத்திரத்தில் டேப் சடாரென்று சுருண்டு விரலை அறைந்தது. அதற்கும் பரவாயில்லை, வண்டிக்கும் பரவாயில்லை. மூன்றாவது வண்டி எழுபத்து மூன்று.

நாலாவது இடத்தில், ஓரமாக, யாரும் சீந்தாமல் ஒரு வண்டி நின்றது. சேற்று நிறம், சதுர உடம்பு. மகள் பார்த்தவுடன் "ரொட்டிப் பெட்டி" என்று பெயர் வைத்துவிட்டாள். இவர் பின்னால் போனார். அறுபத்து நாலு. திரும்பவும் அளந்தார், அறுபத்து நாலேதான். உள்ளுக்குள் அவருக்குத் தலைகால் புரியவில்லை. கண்கூடக் கொஞ்சம் கலங்கியது.

"இது எப்படிங்க?" என்றாள் மனைவி.

"பரவாயில்லை."

இவரை என்ன செய்வது, சொல்லுங்கள்.

அடுத்த சனிக்கிழமை நீல வண்டியைப் பதிவு செய்யக் கிளம்பிவிட்டார்கள். ஷோரூம் வாசலில் அவர் வண்டியை நிறுத்தியதும் மகள் ஒரு தாளை நீட்டினாள். நாலு வண்டிக்கும் கட்டம் போட்டு, அம்மாவுக்கு என்ன பிடித்தது, தனக்கு என்ன பிடித்தது என்று எழுதியிருந்தாள். 'அப்பா' என்ற பத்தியில் நாலு கட்டத்திலும் ஒரே வார்த்தை.

"நாலுக்கும் நீங்க அதேதான்பா சொன்னீங்க. சரி, எதுவா இருந்தாலும் உங்களுக்குச் சம்மதம்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம்."

அவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவன் யாராவது நாலு தராசுக்கும் இப்படி எழுதிக் கொண்டுவந்திருந்தால், முகத்தில் விட்டெறிந்து, போய் ஒழுங்காகப் பார்த்துவிட்டு வா என்றிருப்பார்.

ஷோரூமில் விற்பனையாளர் ஃபாரத்தை மேஜையில் விரித்துப் பேனாவைத் திறந்து கொடுத்தார். "சாருக்குத் திருப்திதானே?"

அந்த வார்த்தை நுனிநாக்கு வரை வந்துவிட்டது. அவர் பேனாவை மூடி வைத்தார். "அஞ்சு நிமிஷம்" என்று எழுந்து வெளியே போனார்.

பெரியவரின் பின்கதவைத் தூக்கித் துடைப்பக் கட்டையை முட்டுக்கொடுத்து, ஒரு கல்லை முக்காலி வழியாக இறக்கி, கூடவே கொண்டுபோகும் தள்ளுவண்டியில் வைத்தார். ஷோரூமின் பளபளக்கும் தரை மேல் தடதடவென்று அதை உருட்டிக்கொண்டு வந்தார். நீல வண்டியின் பின்கதவைத் திறக்கச் சொன்னார். தள்ளுவண்டியிலிருந்து கல்லை எடுத்தார். பம்பர் வரை வந்தது. அங்கேயே நின்றது. வாசலுக்கு இன்னும் மூன்று விரல்கடைதான் பாக்கி.

"சார், பெயின்ட், பெயின்ட்" என்றார் விற்பனையாளர்.

மனைவி ஓடிவந்து அடியில் கை கொடுத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து அதைத் தரையில் இறக்கினார்கள். அவள் அவர் தோளைத் தொட்டதும் அவர் முகம் சுளித்தது.

"வலிக்குதா?"

"பர..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "தூக்க முடியலை."

"எத்தனை நாளா?"

"ஒன்பது மாசம்."

மகள் அவர் பக்கத்தில் வந்து நின்றாள். "எந்த வண்டிப்பா வேணும் உங்களுக்கு?"

"ரொட்டிப் பெட்டி" என்றார் அவர். "அறுபத்து நாலு. முதல் தடவை பார்த்தப்பவே பிடிச்சிருந்தது."

"அப்ப பரவாயில்லைன்னு ஏன் சொன்னீங்க?"

அவர் தள்ளுவண்டியைக் கல்லின் பக்கமாக நகர்த்தினார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் மனைவி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கோபமா அழுகையா என்று தெரியவில்லை. பாதி தூரம் வந்த பிறகு, "இருபத்தெட்டு வருஷமா என் சமையலைப் பரவாயில்லைன்னு சொல்லிட்டு வர்றீங்களே, அது எந்தப் பரவாயில்லை?" என்று கேட்டாள்.

"அது வேற."

"எந்த வேற?"

"அது... நல்லா இருக்குங்கிற பரவாயில்லை."

"சாம்பிள் காட்டிச் சொல்லுங்க. எந்தெந்தக் குழம்பு, எத்தனை மார்க்."

பின்சீட்டில் மகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மனைவி சிரிக்கவில்லை. ராத்திரி எத்தனை தடவை, புரண்டு படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து என்ன என்று கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு வார்த்தையை நம்பித் திரும்பிப் படுத்திருக்கிறாள். அதைத்தான் அவளால் ஜீரணிக்க முடியவில்லை. "ஆபீஸ்ல நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

அவரே சொன்னார். டைப் அடிக்கும் நாற்காலியில் உட்காரவைப்பார்கள் என்ற நினைப்போடு மேலதிகாரி முன்னால் நின்றார். மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சின்னத் தராசெல்லாம் நீங்க வழக்கம்போல தனியாப் பாருங்க. கிடங்குக்குப் போற அன்னைக்கு ஒரு ஆளைக் கூட அனுப்பறேன். கல்லைத் தூக்க ஆள் கிடைப்பாங்க, கணக்காப் பார்க்கத்தான் ஆள் கிடைக்கிறதில்லை" என்றார். "இதை முன்னாடியே கேட்டிருக்கலாமே."

முன்னாடியே கேட்டிருக்கலாம்தான். ஒன்பது மாதம், இருபது இருபது தூக்கல், ஒரு முக்காலி. அன்றைக்கு மத்தியானம் அவருக்குத் தன் மேலேயே வந்த கோபத்தில் சாப்பாடு இறங்கவில்லை.

ரொட்டிப் பெட்டி வந்து சேர்ந்த அடுத்த திங்கட்கிழமை காலை. கிடங்கு வேலை. துணைக்கு வரும் ஆள் அங்கேதான் காத்திருப்பார். பெரியவரிலிருந்து ஷெட்டில் இறக்கி வைத்திருந்த கற்களைப் புது வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது மட்டும் இவர் பாடு. முதல் கல்லை எடுத்து வைத்தார். அறுபத்து நாலுதான், கை போயிற்று. ஆனால் லேசாகப் போகவில்லை. மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எதைத் தூக்கினாலும் அவள் எப்போதும் ஒன்று கேட்பாள், அவர் எப்போதும் ஒன்று சொல்வார்.

"கனமா இருக்கா?"

அவர் அடுத்த கல்லின் பிடியைப் பற்றியபடி நிமிர்ந்து பார்த்தார்.

"இருக்கு" என்றார். "ரொம்பக் கனமா இருக்கு."

அவள் படியிறங்கி வந்தாள். அவர் தன் இடது கையுறையைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். ஒரு கை பிடிக்கச் செய்த பிடியில் இரண்டு பேரும் விரல்களை நெருக்கிப் பிடித்துத் தூக்கினார்கள்.