லோகு அண்ணன் கட்டிய கப்பலின் தளம்

லோகு அண்ணன் இன்று காலை போய்விட்டார். நெஞ்சுவலி. ஷட்டரைப் பாதி தூக்கியபோது ஃபோன் வந்தது... அப்படியே நின்றுவிட்டேன்.

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் எங்கள் ஹார்ட்வெயார் கடைக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். நான் பெயின்ட் கவுண்டர், அவர் பலகைப் பக்கம். காதில் பென்சில், வாயில் எப்போதும் ஒரு கிண்டல்.

அவர் ஒரு மரக் கப்பல் கட்டினார். மேசை மேல் வைக்கிற அளவு. இன்று அதைப் பற்றி எழுதாவிட்டால் எனக்கு வேறு எதுவும் ஓடாது.

தலைமன்னாரில் இருந்து ராமேஸ்வரம் போன பழைய கப்பலின் மாதிரி அது. அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவருடைய அக்கா, கல்யாணமான கையோடு, புருஷன் குடும்பத்துடன் அந்தக் கப்பலில்தான் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். இரு நாட்டு ஒப்பந்தத்தில் இவருக்கும் அப்பாவுக்கும் இங்கே பிரஜாவுரிமை, அக்காவுக்கு அங்கே.

கரையில் நின்று கையாட்டியதோடு சரி. அதற்குப் பிறகு பல வருஷம் இருவரும் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை. அக்கா கோத்தகிரியில்... வாட்ஸ்அப்பில்தான் பேச்சு.

அந்த அக்கா சித்திரைக்கு வருவது உறுதியானதும் அண்ணன் கப்பலைத் தொடங்கினார்.

"அன்னைக்கு ஒரு போட்டோ கூட எடுக்கல புள்ள. அக்கா இதப் பாத்த ஒடனே, 'ஆமாடா, இதே கப்பல்தான்'னு சொல்லணும். அது போதும் எனக்கு."

அவ்வளவுதான் ஆசை. அதற்காக என் உயிரை எடுத்துவிட்டார்!

கப்பலின் உடம்புக்கு வெள்ளை. எங்கள் கலர் கலக்கும் மெஷினில் வெள்ளையே எத்தனையோ விதம். ஒவ்வொன்றையும் துண்டுப் பலகையில் பூசிக்கொண்டு வாசலில் போய் நிற்பார்.

"பனிக்குள்ள எல்லா வெள்ளையும் நீலமாக் காட்டுது புள்ள. வெயில் வரட்டும்."

பனி விலகாத ஹட்டனில் வெயிலுக்குக் காத்திருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். முதலாளி ஒருநாள் பொறுக்க முடியாமல், "லோகு, இது கடையா, ஹார்பரா?" என்று கேட்டுவிட்டார்.

"ஹார்பர்தான் மொதலாளி. அந்தா பாருங்க, பஸ்ஸுலருந்து ஆள் எறங்குது."

கடைசியில் மஞ்சள் ஒரு சொட்டு, கறுப்பு அரைச் சொட்டு விட்ட ஒரு வெள்ளைக்குத் தலையாட்டினார். தளத்துக்குத் தேக்கு, மேலே பளபளவென்று வார்னிஷ். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

கப்பல் முடிந்த அன்று மத்தியானம், கவுண்டரில் அதை வைத்து அக்காவுக்கு வீடியோ கால் போட்டார். நாங்கள் சோற்றுக் கையோடு சுற்றி நின்றோம்.

அக்கா நன்றாகப் பார்த்தார். "அழகா இருக்குடா தம்பி. ஆனா வெளிய என்னா கலர்னு எனக்கு எப்பிடிடா தெரியும்? வெளிய நின்னு பாத்தது நீ. நா உள்ளதானே இருந்தேன்."

இத்தனை மாதமாக வெள்ளையோடு மல்லுக்கட்டினோம்... எங்களில் ஒருவருக்குக் கூட இது தோன்றவில்லை.

"அப்ப நீ என்னாதான் பாத்த அக்கா?"

"பலகையத்தான் பாத்தேன். ஏறுனதுலருந்து குனிஞ்சே கெடந்தேன். இந்த மினுக்கமெல்லாம் இல்ல. கழுவிக் கழுவி வெளுத்து, சாம்பலாட்டம் இருக்கும். பலகைக்குப் பலகை நடுவுல தாரு. வெயில்ல எளகி என் சீலையில ஒட்டிக்கிச்சு."

மறுநாளே அண்ணன் தேக்குத் தளத்தைப் பிய்த்தெடுத்தார். தேயிலைக்கு நிழலாக நிற்கிற சவுக்கு மரத்துப் பலகையை மெல்லிசாகச் சீவினார். சாம்பல் நிறத்தில் பெயின்ட் கலந்து தருகிறேன் என்றேன்.

"பூசுனா பூசுனதாத்தான் தெரியும் புள்ள. மரமே அந்தக் கலராவணும்."

எங்கோ யூடியூபில் பார்த்தாராம். துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஊறப்போட்டார். பலகையில் முதலில் தேயிலைச் சாயம், நாங்கள் குடிக்கிற அதே வெறும் தேநீர்; அது காய்ந்ததும் மேலே அந்த ஆணித் தண்ணீர்.

ஆனால் நாங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்கள்... சாயம் போடு என்றால் எப்படிப் போடுவோம்? நான் திக்காக ஊற்றிக் கொடுத்தேன். பலகை கரிக்கட்டை ஆகிவிட்டது.

"ஏம் புள்ள, நா குடிக்கவா கேட்டேன்?"

அதே தேயிலையில் திரும்பத் திரும்பத் தண்ணீர் ஊற்றி, நிறமே இல்லாத ஒரு சாயம் எடுத்தோம். பலகையில் தடவியபோது ஒன்றும் தெரியவில்லை. ஆணித் தண்ணீர் பட்டதும்...

எங்கள் கண் முன்னாலேயே அந்தப் புதுப் பலகை பழசானது. கடலையே பார்க்காத மலை நாட்டு மரம், காலமெல்லாம் உப்புத் தண்ணீரில் கிடந்தது போல் மெல்ல மெல்லச் சாம்பலாகிக்கொண்டு வந்தது. அண்ணன் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

தாருக்குப் பதிலாக, கறுப்பு நூலை மெழுகில் தோய்த்துப் பலகைகளுக்கு நடுவே பதித்தார்.

சித்திரையில் அக்கா வந்தார். ஹட்டனுக்குப் பக்கத்தில், றொசல்லயில் அண்ணன் வீட்டுக்கு நானும் போயிருந்தேன். கட்டிப்பிடித்து அழுததெல்லாம் ஏர்போர்ட்டிலேயே முடிந்திருந்தது.

அக்கா அந்த வெள்ளையைத் திரும்பியும் பார்க்கவில்லை. மேசைக்கு நேராகக் குனிந்து, தளத்தின் ஓரத்தில் ஒரு விரலை வைத்தார்.

"இங்கதான்டா. இங்கதான் ஒக்காந்திருந்தேன். எங்க மாமியா இந்தப் பக்கம். மூட்ட முடிச்செல்லாம் இங்க." விரல் பலகை பலகையாக நகர்ந்தது. அண்ணன் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அக்கா விரலை அங்கேயே வைத்துக்கொண்டு, மற்றக் கையால் எதிர்ச் சுவரைக் காட்டினார்.

"ஒரே ஒருவாட்டி நிமுந்து பாத்தேன். நீ அந்தா, அங்க நின்ன. அப்பா கையப் புடிச்சிக்கிட்டு."

அண்ணன் எழுந்து போய், அந்தச் சுவரோரம் நின்றார்.

நாளை அடக்கம். கடை பூட்டுகிறோம். எல்லாரும் வருகிறோம், லோகு அண்ணே...