சோதனைச் சாவடியில் நடுங்கிய உடம்பு

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, சண்டைக் காலம். வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலைக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் நாங்கள் குடியிருந்தோம். கணவருக்கு வயல் வேலை. நான் வீட்டில் வைத்துத் தையல் தைத்தேன். அப்போது எனக்கு முப்பத்தாறு வயது.

அந்த வருடம் மாரி மழை முடிந்த கையோடு அது தொடங்கியது. இரவில் படுத்துக் கண்ணை மூடினால் நெஞ்சிலிருந்து அடிவயிறு வரைக்கும் உள்ளே ஏதோ அதிரும். வெளியே கை வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தூரத்தில் தண்ணீர் இறைக்கும் மெசின் ஓடுவதுபோல உள்ளுக்குள் மட்டும் ஒரு அதிர்வு. ஷெல் விழுந்தால் நிலம் அதிர்வது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். அதனால் முதலில் கணவரைத்தான் எழுப்புவேன்.

"இஞ்சாருங்க, ஷெல் அடிக்கிறாங்க போல."

அவர் எழும்பி இருந்து காது கொடுப்பார். "ஒண்டும் கேக்கல்ல புள்ள. நீ படு."

ஒருநாள் பாய்க்குப் பக்கத்தில் ஒரு கிளாஸ் நிறையத் தண்ணீர் வைத்தேன். அதிர்வு வந்ததும் விளக்கைத் தூண்டிப் பார்த்தேன். தண்ணீர் அசையவே இல்லை. நிலம் அதிரவில்லை, நான்தான் அதிர்கிறேன் என்று தெரிந்தபோது, ஷெல்லுக்குப் பயந்ததைவிடக் கூடப் பயந்தேன்.

தையல் மெசின் மிதிப்பதால் வருகிறதோ என்று பத்து நாள் மெசினைத் தொடாமல் இருந்தேன். நிற்கவில்லை. கோயிலில் நூல் கட்டினோம். அதற்கும் நிற்கவில்லை. நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்துகொண்டே போனேன். என் சட்டைகளை நானே இரண்டு தரம் பிடித்துத் தைத்தேன். "யோசினை கூடிப்போச்சு" என்றார்கள் அக்கம்பக்கத்தில். எனக்கும் அப்படித்தான் பட்டது. என் அண்ணனைச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய் நாலு வருடம் ஆகியிருந்தது. ஆமியோ பொலிஸோ, உடுப்புப் போட்டவர்கள் கொண்டுபோனார்கள், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அவனை நினைத்து நித்திரை கெட்டவளுக்கு இப்படி ஏதாவது வராமல் இருக்குமா?

ஒரு இரவு அதிர்வு கடுமையாக வந்தது. நான் கத்திக்கொண்டு பிள்ளைகள், அம்மா என்று வீட்டில் எல்லோரையும் பங்கருக்குள் இறக்கிவிட்டேன். பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்று ஆறு நாளான பெண்ணும் என் சத்தத்தைக் கேட்டுக் குழந்தையோடு ஓடிவந்து ஈர மண்ணில் இருந்தாள். விடியும்வரை ஒரு வெடிச்சத்தம்கூட இல்லை. அவள் என்னை ஏசவில்லை. குழந்தையின் காலில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துவிட்டு எழும்பிப் போனாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்று காலையே டவுன் ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டோம்.

டவுனுக்குப் போவதென்றால் வாவியைக் கடக்க வேண்டும். எங்கள் கரை இயக்கத்திடம், அந்தக் கரை ஆமியிடம். பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறி அக்கரையில் இறங்கினால் சோதனைச் சாவடி. வெயில் ஏறாத நேரம், வாவிக் காற்று குளிர்ந்து வீசியது. எனக்கோ வேர்த்து ஊற்றியது. வரிசையில் என் முறை வந்தபோது அடையாள அட்டையை நீட்டினேன். அது என் கையில் துடித்தது.

ஆமிக்காரன் அட்டையைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தான். பிறகு முகத்தைப் பார்த்தான்.

"ஏன் நடுங்குறது?"

"சுகமில்ல சேர். ஆஸ்பத்திரிக்குப் போறன்."

"ஏன் வேர்க்கிறது?"

பதில் சொல்ல வாயைத் திறந்தால் சத்தமும் நடுங்கியது. அவன் இரண்டடி பின்னுக்குப் போய்ச் சிங்களத்தில் ஏதோ கத்தினான். உடனே வரிசை கலைந்தது. சனங்களை எல்லாம் குந்த வைத்தார்கள். என்னை மட்டும் தனியே மணலில் நிறுத்தி இரண்டு கையையும் தூக்கச் சொன்னார்கள். ஏன் என்று எனக்கு விளங்கியது. உடம்பில் குண்டு கட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பற்றிய பேச்சுத்தான் அந்த நாட்களில் எங்கும். வேர்த்து, நடுங்கி, முழித்த கண்ணோடு நிற்கும் ஒருத்தியைக் கண்டால் நானே அப்படித்தான் நினைத்திருப்பேன்.

நடுங்கக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். கடிக்கக் கடிக்க நடுக்கம் கூடியது.

"அவ சுகமில்லாத வருத்தக்காறி சேர்!" என்று கணவர் எழும்பினார். ஒரு துவக்கின் குழல் அவர் பக்கம் திரும்பியது.

"இருங்க! வராதீங்க!" என்று நான் கத்தியதில் என் கை கீழே வந்துவிட்டது. "கை! கை!" என்று பல பக்கமும் கத்தினார்கள். சுட்டுவிடுவார்கள் என்றே நினைத்தேன். பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற ஒன்றைத் தவிர வேறு எதுவும் ஓடவில்லை.

அப்போது பெண்களைச் சோதிக்கும் ஓலைத் தட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் பொலிஸ் வந்தாள். என் வயதுதான் இருக்கும். மற்றவர்கள் அவளைத் தடுத்து ஏதோ சொன்னார்கள். அவள் நின்று என் கழுத்தையே பார்த்தாள். பிறகு தனியாக என்னை நோக்கி நடந்து வந்தாள். கிட்ட வந்தபோது கண்டேன், அவளுடைய மேலுதட்டிலும் வேர்வை.

இடுப்பு, முதுகு, கால் என்று தடவிச் சோதித்தாள். திரும்பி அவர்களிடம் ஒரு சொல் சொன்னாள். துவக்குகள் தாழ்ந்தன. என்னைத் தட்டிக்குப் பின்னால் கூட்டிப் போய் மர வாங்கில் இருத்தி ஒரு போத்தல் தண்ணீர் தந்தாள். நான் விழுங்கும்போது இரண்டு விரலை என் தொண்டையில் வைத்தாள். அங்கே ஒரு வீக்கம் இருக்கிறது, விழுங்கும்போது அது ஏறி இறங்குகிறது என்று எனக்கே அன்றுதான் தெரியும்.

"நித்திரை இல்ல?" தெரிந்த கொஞ்சத் தமிழில் கேட்டாள்.

"இல்ல."

தன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து விரல்களை வேகமாக அசைத்துக் காட்டினாள். "ராவைக்கு... உள்ளுக்கு... மெசின் போல?"

இத்தனை மாதம் கணவருக்குக்கூட விளங்கவைக்க முடியாமல் இருந்ததை நான் வாய் திறக்காமலே அவள் சொல்லிவிட்டாள். எனக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. அவள் சட்டைக் கொலரைத் திறந்தாள். கழுத்தின் குறுக்கே நீளமாக ஒரு வெட்டுத் தழும்பு.

"எனக்கும். ஒப்பரேசன். இப்ப நல்லம்."

ஒரு துண்டுக் கடதாசியில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதி டொக்டரிடம் கொடுக்கச் சொன்னாள். கணவரையும் அவளே கூப்பிட்டு எங்களை அனுப்பிவைத்தாள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் துண்டை வாசித்தார். நாடி பிடித்தார், கழுத்தைத் தடவினார், கண்ணைப் பார்த்தார். "தைரொயிட்தான் போல இரிக்கு. ரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பிப் பாப்பம்" என்றார். மூன்று கிழமை கழித்து முடிவு வந்தது. கழுத்தில் உள்ள அந்தச் சுரப்பி தேவைக்கு மேல் ஹோர்மோனைச் சுரக்கிறதாம். வேர்வை, மெலிவு, கை நடுக்கம் எல்லாம் அதனால்தானாம்.

"ராவில உள்ளுக்க அதிருதே டொக்டர், அதுவும் இதாலதானா?"

"இதாலயும் இரிக்கலாம். பயத்தாலயும், நித்திரை இல்லாததாலயும் வரலாம். அடிச்சுச் சொல்ல ஏலாது. குளிசையைப் போடுங்க, பாப்பம்."

குளிசை விழுங்கத் தொடங்கி இரண்டாம் மாதம் கை நடுக்கம் நின்றது. உடம்பு பழையபடி தேறியது. இரவில் வந்த அதிர்வும் மெல்ல மெல்லக் குறைந்தது. ஒரேயடியாகப் போனது என்று சொல்ல மாட்டேன். உண்மையாகவே ஷெல் அடித்த இரவுகளுக்குப் பிறகு சிலநாள் வந்துபோகும். ஆனால் அது என்னவென்று தெரிந்த பிறகு அதற்குப் பயப்படவில்லை.

அடுத்த தரம் வாவி கடந்தபோது அந்தப் பெண்ணைத் தேடினேன். தட்டிக்குப் பின்னால் வேறு ஒருத்தி நின்றாள். விசாரிக்கத் துணிவு வரவில்லை. அவளுடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. வீட்டிலும், வருத்தத்தை டொக்டர் கண்டுபிடித்தார் என்றுதான் அம்மாவிடம் சொன்னேன். அண்ணன் வருவான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம், உடுப்புப் போட்ட ஒருத்தியின் கையால் நான் தப்பினேன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அம்மாவும் போய்விட்டார். அண்ணன் வரவே இல்லை. அந்த உடுப்பின்மேல் எனக்கிருக்கும் கோபம் இன்னும் தீரவில்லை, தீரும் என்றும் நான் நினைக்கவில்லை. ஆனாலும், என் நடுக்கத்தைக் கண்டு எல்லோரும் பின்னுக்குப் போன அந்தக் காலையில் என்னை நம்பி நடந்து வந்தவள் அவள் ஒருத்திதான் என்பதை இனியாவது சொல்லாமல் விட்டால், அது நான் அவளுக்குச் செய்யும் அநியாயம்.