தேக்காவில் அவருக்கு மட்டும் ஒரு விலை

என் மச்சான் சுவிசேஷமுத்து சந்தைக்குப் போவார், ஒன்றும் வாங்க மாட்டார். அதுதான் அவருடைய உத்தியோகம். கெம்போங் மீன் ஒரு கட்டி, அதாவது அரைக் கிலோவுக்குச் சற்று மேல், என்ன விலை, ஆட்டிறைச்சி என்ன விலை, தேங்காய் என்ன விலை என்று கேட்டு எழுதிக்கொண்டு வெறுங்கையோடு திரும்புவார். இதற்கு அரசாங்கம் மாதச் சம்பளம் கொடுத்தது. நான் வெயிலில் தார் காய்ச்சிச் சாலை போடுகிறவன். முதலில் இதைக் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது.

அறுபதுகளின் தொடக்கம் அது. ஜாலான் புசாரில் ஒரு கடைவீட்டு மாடியில் நாங்கள் குடியிருந்தோம். ஓர் அறையில் நானும் என் மனைவி உர்சுலாவும், அடுத்த அறையில் அவளுடைய அண்ணனான இந்த மனிதர். கல்யாணம் கட்டாதவர். ஞாயிற்றுக்கிழமை லூர்து மாதா கோயிலுக்குச் சேர்ந்து போவோம். பூசை நடுவில் பீடத்தைப் பார்த்துக்கொண்டே, "ரோஜா போன வாரத்தைவிட ஏறியிருக்கு மாப்ள" என்று என் காதில் சொல்வார். இவருக்கு மோட்சத்திலும் விலைப்பட்டியல்தான் கேட்கத் தோன்றும் என்று நான் உர்சுலாவிடம் சொன்னேன். அவள் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன்.

"இத்தனையும் எழுதிட்டுப் போய் என்னதான் பண்றீங்க மச்சான்?"

"முதல்ல வீடு வீடா போய், மாசம் என்ன வாங்குறீங்க, என்ன திங்கிறீங்கன்னு கேட்டாங்க மாப்ள. அதை வச்சு ஒரு கூடை கட்டியிருக்காங்க. நெசக் கூடை இல்ல, கணக்குல இருக்கிற கூடை. அரிசி, மீன், மண்ணெண்ணெய், பஸ் டிக்கெட், சினிமா, முடிவெட்டுற கூலி எல்லாம் அதுல இருக்கு. மாசா மாசம் அதே கூடைக்கு எவ்வளவு ஆவுதுன்னு பார்க்கிறோம். கடைசியில ஒரே ஒரு நம்பர் வரும்."

"முடிவெட்டுறது கூடவா?"

"நீங்க வெட்டிக்கிறதும்தான்."

நான் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். சிரிக்க நினைத்தேன், சிரிப்பு வரவில்லை. என் தலைமுடி, உர்சுலாவின் அடுப்பு, எங்கோ சுவா சூ காங்கில் பன்றி வளர்க்கும் சீனக் குடும்பத்தின் மண்ணெண்ணெய் விளக்கு, இவை எல்லாம் ஒரே எண்ணுக்குள் போய் உட்கார்ந்திருக்கின்றன. யாரும் யாரையும் பார்த்ததில்லை. ஆனாலும் எல்லாரும் ஒரே கூடையில் இருந்தோம். அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே பிரமிப்பாக இருந்தது.

"எல்லாக் கடையிலயும் போய்க் கேக்க முடியுமா மச்சான்?"

"எதுக்கு? ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்."

அந்த எண் ஒருநாள் என் சோற்றிலேயே கை வைத்தது. எங்கள் தொழிற்சங்கம் பஞ்சப்படியை உயர்த்திக் கேட்டது. பேச்சுவார்த்தையில் எதிரே உட்கார்ந்தவர்கள் அந்த எண்ணை எடுத்துக் காட்டினார்கள். விலைவாசி அப்படி ஒன்றும் ஏறவில்லையே என்றார்கள். எங்கள் ஆட்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். நான் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் மச்சானைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏறலையாம் மச்சான். உங்க நம்பர் சொல்லுதாம்."

"நான் கேட்டதைத்தான் எழுதுறேன் மாப்ள. இன்னைக்குக் காலையில வேலாயுதம் கடையில கெம்போங் கட்டி எழுபது காசு."

அடுப்படியில் இருந்த உர்சுலா கரண்டியோடு வெளியே வந்தாள். வழக்கமாக வாசலுக்கு வருகிற மீன்காரனிடம் வாங்குகிறவள், அன்று அதிசயமாக, மச்சான் விலை கேட்கப் போகும் தேக்கா சந்தைக்கே போயிருந்தாள்.

"எந்த வேலாயுதம்? தூணுக்குப் பக்கத்துல, மீசைக்காரரா? அவர்கிட்டதாண்ணே இந்த மீனை வாங்கினேன். தொண்ணூறு காசு. ஒரு காசு கொறைக்கல."

"வேற மீனா இருக்கும்மா."

"மீன் தெரியாதா எனக்கு?"

மச்சான் அன்று சாப்பிடவில்லை. மீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலாயுதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மச்சான் முதன்முதலாகத் தாளும் பென்சிலுமாகப் போனபோது, வரி போட வந்த ஆள் என்று நினைத்து முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவர் அவர். அப்புறம் ஒருநாள் காலை அவர் மனைவிக்குப் பிரசவ வலி கண்டது. வேலாயுதத்துக்குக் கை கால் ஓடவில்லை. மச்சான்தான் டாக்சி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் பக்கத்திலேயே இருந்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். இந்தக் கதை தேக்கா முழுவதும் பரவியது. அதற்குப் பிறகு மச்சான் அங்கே நடந்தால் நாலு பக்கமும் 'அண்ணே' என்று குரல் வரும். ஆங்கிலக் கடிதம் வந்தால் படித்துச் சொல்வார். கசாப்புக் கடை நூருல் அமீன் முக்காலியைத் துடைத்துப் போடுவார். ஒரு தேநீருக்கு மேல் மச்சான் எதையும் வாங்கிக்கொண்டதில்லை. விலை கேட்கிற கடையில் பொருள் வாங்கக்கூடாது என்று தனக்குத்தானே ஒரு விதி வைத்திருந்தார். அதனால் அங்கே மற்றவர்கள் என்ன கொடுத்து வாங்குகிறார்கள் என்பது அவருக்கு எட்டவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை மூவருமாகத் தேக்காவுக்குப் போனோம். மச்சான் தூணுக்குப் பின்னால் நின்றார். உர்சுலா போய்க் கேட்டாள்.

"தொண்ணூறு காசும்மா" என்றார் வேலாயுதம்.

அவள் நகர்ந்ததும் மச்சான் முன்னால் போய், அதே மீனைக் காட்டிக் கேட்டார்.

"வாங்கண்ணே. எழுபது போட்டுக்குங்க."

தேக்காவில் அப்போது விலைப்பலகை ஏது? முகத்தைப் பார்த்துத்தான் விலை வரும். தெரியாத முகத்துக்கு ஒன்று, தெரிந்த முகத்துக்கு ஒன்று. இவர் முகத்துக்கு அங்கே ஒரு தனி விலையே இருந்திருக்கிறது. வாங்காத மனிதருக்குத் தள்ளுபடி கொடுத்திருக்கிறார்கள். அவரும் அதை அப்படியே எழுதிக்கொண்டு போய் நாட்டின் கூடைக்குள் போட்டிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் கத்தியிருப்பேன். மச்சானின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டேன்.

"வேலாயுதம், நான் யாருன்னே தெரியாதுன்னு வச்சுக்க. இப்ப வந்த அம்மாகிட்டச் சொன்ன மாதிரி எங்கிட்டயும் சொல்லு."

வேலாயுதம் சிரித்தார். விளையாட்டில்லை என்று தெரிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க மூஞ்சியப் பார்த்து எப்படிண்ணே சொல்றது? வாயில வரமாட்டேங்குது."

வீடு திரும்பும் வழியில் மச்சான் ஒன்றுதான் சொன்னார். "பதம் பார்த்த சோறே வேகல மாப்ள."

நான் அவசரக்காரன். உடனே ஆபீசில் போய்ச் சொல்லுங்கள், எங்கள் பஞ்சப்படிக்கு வழி பிறக்கும் என்றேன். உர்சுலா என்னை முறைத்தாள். அவளுக்குப் புரிந்தது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. தங்கை புருஷனுக்காகத்தான் விலையை ஏற்றிச் சொல்கிறார் என்று யாராவது சொல்லிவிட்டால் வேலை போய்விடும். சொல்லாமல் இருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை.

திங்கட்கிழமை காலை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். மேலதிகாரி ஒரு சீனர். அவரிடம் முதல் வாக்கியமாகவே, என் தங்கை புருஷன் சாலைத் தொழிலாளி, இந்த எண்ணை வைத்துத்தான் அவருக்குப் பஞ்சப்படி என்று சொல்லியிருக்கிறார். விஷயத்தை அதற்குப் பிறகுதான் சொன்னார். அதிகாரி சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. தேக்காவில் யாருக்கும் தெரியாத ஒருவரை அனுப்பி, அதே கடைகளில் அதே காலையில் விலை கேட்கச் சொன்னார். மீன், இறைச்சி, தேங்காய் எல்லாவற்றிலும் வித்தியாசம் இருந்தது. மச்சானுக்கு வேலை போகவில்லை, தேக்காதான் போயிற்று. இனிமேல் அவர் சுவா சூ காங் பக்கத்துக் கிராமக் கடைகளுக்குப் போக வேண்டும்.

சொல்லிக்கொள்ளப் போனபோது நானும் கூட இருந்தேன். வேலாயுதத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் என்னண்ணே தப்பு பண்ணினேன்?" என்றார்.

"ஒண்ணும் இல்லப்பா. இனிமே வாங்க வர்றேன், கேக்க வரமாட்டேன்."

அடுத்த மாத எண் நாளிதழில் வந்தது. சற்று ஏறியிருந்தது. மீன் விலை கூடியதற்கு மழைக்காலம் காரணமாக இருக்கலாம் என்று போட்டிருந்தார்கள். மச்சான் அதைப் படித்துவிட்டு, "மழையும் உண்டு. தேக்கா அதுல கடுகளவுதான்" என்றார். கடுகளவாகவே இருக்கட்டும். நான் அந்த எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தேன். ஒரு மீன்காரர் ஒரு மனிதர்மேல் வைத்த பிரியம் இத்தனை காலமும் இந்தத் தீவின் கணக்கில் கழிந்துகொண்டே இருந்திருக்கிறது. உர்சுலா அன்று மீன் வாங்கப் போயிருக்காவிட்டால் அதை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. எங்கள் பஞ்சப்படி மறுவருடம் கொஞ்சம் உயர்ந்தது, அதற்கு வேறு காரணங்களும் இருந்தன.

சுவா சூ காங்கில் அவருக்கு ஒருவரையும் தெரியாது. பேசுவதெல்லாம் அரைகுறைச் சந்தை மலாய். முதல் நாள் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர் முகம் மலர்ந்திருந்தது. "நல்லா ஏமாத்துறாங்க மாப்ள" என்றார்.

ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே நன்றாகப் போயிற்று. ஒருநாள் முகம் தொங்க வந்து உட்கார்ந்தார்.

"கீரை விக்கிற சீனக் கிழவி இன்னைக்கு வெல கொறச்சுச் சொல்லிட்டா."

"என்னண்ணே பண்ணினீங்க?" என்றாள் உர்சுலா.

"ஒண்ணுமே பண்ணலம்மா. மடியில பேரனை வச்சிருந்தா. அவன் பேரு என்னன்னு கேட்டேன்."

உர்சுலா சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மறுநாள் காலை மச்சான் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, வேறு இடம் கேட்க ஆபீசுக்குப் போனார்.