ஆலைக்குத் தைத்த காக்கி

உள்ளே ஆளே இல்லாமல் ஒரு பேண்ட் தானாக நின்றதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. அரியலூர் கடைவீதியில் என் மாமாவின் தையல் கடையில், துணி வெட்டும் மேஜைமேல், ஓர் ஐப்பசி மழை நாளில் அது நின்றது. அதைத் தைத்தவர் மாமாவே என்பதால் அன்று அங்கிருந்த யாருக்கும் சிரிப்பு வரவில்லை. எனக்கு மட்டும் வந்தது. அதற்கு அத்தையிடம் ஒரு குட்டு வாங்கினேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. சின்ன வயதிலேயே திருச்சிக்குப் போய், ஒரு பெரிய தையல் கடையில் பட்டன் துளைக்குக் காஜா எடுக்க உட்கார்ந்து, பிறகு மிஷினில் ஏறி, கடைசியில் கத்தரியும் பிடித்தவர். அந்தக் கடை முதலாளி அவரை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லையாம், எப்போதும் "டேய்" தானாம். கல்யாணமானதும் மாமா அந்த வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து மூன்று மிஷின்களோடு சொந்தக் கடை போட்டார். "செத்தாலும் அந்தக் கடைப் படி ஏற மாட்டேன்" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வாசகம். அத்தை காஜாவும் பட்டனும் பார்த்துக்கொள்வார். எங்கள் வீடு அதே தெருவின் கடைசியில் இருந்ததால் பள்ளிக்கூடம் விட்டதும் நானும் அங்கேதான் கிடப்பேன். 'முடியாது' என்ற சொல் மாமா வாயில் வந்து நான் கேட்டதே இல்லை. நாளைக்குக் கல்யாணம் என்று இன்றைக்குத் துணியைக் கொண்டுவந்தாலும், "வச்சுட்டுப் போங்க" என்றுதான் சொல்வார்.

நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது ஊருக்கு வெளியே ஒரு சிமெண்ட் ஆலை வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்கு முன்னால், வேலைக்காரர்களுக்கு அங்கே காக்கிச் சட்டையும் பேண்ட்டும் கொடுப்பார்கள். முதல் வருஷம் அந்த ஆர்டர் திருச்சியில் ஏதோ ஒரு பெரிய கம்பெனிக்குப் போனது. அவர்கள் ஒருவருக்கும் அளவு எடுக்கவில்லை. சின்னது, நடுத்தரம், பெரியது என்று தைத்து லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அந்தச் சின்னதே எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் காலைத் தாண்டித் தெருவைப் பெருக்கியது. மறுநாளிலிருந்து பேண்ட்டும் கையுமாக மாமா கடை வாசலில் ஒரே கூட்டம். மாமா சளைக்காமல் காலைக் குறைத்து ஓரம் அடித்துக் கொடுத்தார். வெட்டிய துண்டுகளை மட்டும் தூக்கிப் போடாமல் ஒரு சாக்கில் சேர்த்தார். எலி அடையும் என்று அத்தை சொல்லிப் பார்த்தார். மாமா காதில் வாங்கவில்லை.

அடுத்த வருஷம் ஆடி முடிந்ததும், அந்தச் சாக்கைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மாமா ஆலைக்குப் போனார். அங்கே சாமான்கள் வாங்குவதற்கென்று ஓர் அதிகாரி இருந்தார். மாமா சாக்கை அவர் மேஜைமேல் கவிழ்த்துக் கொட்டினாராம்.

"என்னய்யா இது குப்பை?"

"குப்பை இல்லீங்க சார். நீங்க வாங்கிக் குடுத்து, உங்க ஆளுங்க ஒருத்தரும் போடாத துணி. ஆளுக்கு ஆளு அளவெடுத்துத் தெச்சா இம்புட்டும் மிச்சம்."

இந்தக் கதையை மாமா வீட்டில் சொல்லச் சொல்ல, அதிகாரி நாற்காலியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எழுந்துகொண்டே வந்தார். தெருக்காரர்களுக்குச் சொன்னபோது நின்றே விட்டார். அவர் எழுந்தாரோ இல்லையோ, அந்த வருஷத்து ஆர்டர் மாமாவுக்குக் கிடைத்தது. மூட்டை கட்டும் பகுதிக்காரர்களுக்கு மட்டும் இப்போது தைப்பது, அது நன்றாக இருந்தால் அடுத்த வருஷம் ஆலை முழுவதற்கும் என்று பேச்சு. மூன்று மிஷினை வைத்துக்கொண்டு எப்படித் தருவீர்கள் என்று அதிகாரி கேட்டதற்கு, மாமா வழக்கம்போல, "முடியும் சார்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அத்தைக்குத்தான் அது பிடிக்கவில்லை. "விரலுக்குத் தகுந்த வீக்கம் வேணும்ங்க" என்றார்.

"வெரலு வளரும், பாத்துக்கிட்டே இரு" என்றார் மாமா.

வாடகைக்கு மிஷின்கள் வந்தன. பெரம்பலூரிலிருந்து தையல்காரர்கள் இரண்டு பேர் வந்து கடையிலேயே தங்கினார்கள். மாலையில் ஷிப்ட் முடியும் நேரத்துக்கு மாமா என்னையும் கூட்டிக்கொண்டு ஆலை வாசலுக்குப் போவார். ஒவ்வொருவராக நிற்கவைத்து இடுப்பில் அவர் டேப்பைப் பிடிக்க, நான் கீழே குந்தி அதன் நுனியைக் குதிகாலில் வைப்பேன். ஆலையே என் கையில் இருப்பதாக எனக்கு நினைப்பு. அந்தப் பரபரப்பில், வருஷா வருஷம் தீபாவளிக்குத் துணி கொண்டுவரும் ஊர்க்காரர்களை மாமா திருப்பி அனுப்பினார். அவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். "போனா போறாங்க, யானை வந்திருக்கு, அதைக் கட்டுவோம்" என்றார். யானையைக் கட்டித் தீனி போடுகிறவனுக்குத்தான் கஷ்டம் தெரியும் என்று அத்தை முணுமுணுத்தார்.

திருச்சிக்காரர்களின் பேண்ட்டைவிடத் தன்னுடையது ஒரு படி மேலே இருக்க வேண்டும் என்று மாமாவுக்கு ஆசை. அதனால் கால் நுனியில் நாலு விரல் அகலத்துக்கு வெளிப்பக்கமாக ஒரு மடிப்பு வைத்தார். பெரிய அதிகாரிகளின் பேண்ட்டில் அப்படித்தான் இருக்குமாம். போதாததற்கு அதில் ஒரு யோசனையும் இருந்தது. காக்கி துவைக்கத் துவைக்கச் சுருங்கும், அப்போது மடிப்பைப் பிரித்துவிட்டால் நீளம் சரியாகிவிடும். கேட்கிறவர்களிடமெல்லாம் மாமா இதை விளக்கினார். எனக்கே மனப்பாடமாகி, பள்ளிக்கூடத்தில் நானும் விளக்கினேன்.

ஆயுத பூஜையன்று மூட்டைப் பகுதிக்காரர்கள் பொட்டும் சந்தனமுமாகப் புதுக் காக்கியில் கடைவீதி வழியாக வந்தார்கள். ஒருவர் காலும் தரையைப் பெருக்கவில்லை. மடிப்பு வைத்த பேண்ட்டில் எல்லோருமே கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார்கள். மாமா கடை வாசலில் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

பிறகு மழை வந்தது.

மூட்டை கட்டும் இடத்தில் சிமெண்ட் தூசி எப்போதும் பறந்துகொண்டே இருக்கும். தலையில் விழுந்தது போக, சட்டையில் விழுந்தது போக, மிச்சமெல்லாம் மாமா வைத்த மடிப்புக்குள் போய்ப் பத்திரமாகச் சேர்ந்திருக்கிறது. அதோடு மழையில் நனைந்து வீட்டுக்குப் போய், அந்தப் பேண்ட்டை வாளித் தண்ணீரில் ஊறவும் போட்டால் என்ன ஆகும்? ஆலைக்காரர்களுக்கு சிமெண்ட் தெரியும், மாமாவுக்குத் துணி தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதலில் வந்தது அந்தப் பகுதியில் வேலை செய்கிற ஒருவரின் மனைவி. சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கொட்டுகிற மழையில் வந்தவர், ஒரு பேண்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். டொக்கென்று சத்தம் கேட்டது. கையை எடுத்த பிறகும், இடுப்பு மட்டும் தொங்கிப்போய், சிமெண்ட் தண்ணீர் ஊறி விறைத்த இரண்டு காலும் அப்படியே நின்றன.

"டெய்லரண்ணே, நீங்க பேண்ட்டு தெச்சீங்களா, தூணு போட்டீங்களா? தொவைக்கிற கல்லுல அடிச்சேன், கல்லுதான் பேந்து போச்சு. இத மாட்டிக்கிட்டு எங்க வூட்டுக்காரரு எப்படிங்க சைக்கிள் மிதிப்பாரு?"

இந்த இடத்தில்தான் நான் சிரித்தேன், குட்டும் வாங்கினேன். மாமா மடிப்பைத் தடவிப் பார்த்தார். கத்தரியின் கைப்பிடியால் தட்டிப் பார்த்தார். வேறு ஒரு பேண்ட்டை மாற்றுக்குக் கொடுத்து அந்த அம்மாவை அனுப்பி வைத்தார். அதன்பிறகு மிஷினில் உட்காராமல் அந்தப் பேண்ட்டையே சுற்றிச் சுற்றி வந்தார்.

அன்று சாயங்காலத்துக்குள் இன்னும் சிலர் வந்தார்கள். அத்தை அதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். "ஆபீசுல யாரும் இன்னும் சொல்லல. வர்றவங்களுக்கு மட்டும் சத்தமில்லாம பிரிச்சுக் குடுத்துருவோம். தெரிஞ்சா ஆர்டரு போயிரும். ஊர்க்காரங்களும் வரமாட்டாங்க. அப்புறம் நீங்க திருச்சிக்குத்தான் மூட்டை கட்டணும்."

மாமா நிற்கிற பேண்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேற ஆளு போயிச் சொன்னா அது புகாரு. நானே போயிச் சொன்னா அது சேதி" என்றார்.

மறுநாள் மழைக்காகப் பள்ளிக்கூடம் லீவு. மாமா அந்தப் பேண்ட்டைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிச் சைக்கிளில் கட்டும்போது, அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீயும் கூடப் போ பாப்பா. மாமா அங்க வாயத் தொறந்தா சட்டையப் புடிச்சு இழு" என்று ரகசியமாகச் சொல்லி அனுப்பினார். நானும் பெரிய பொறுப்போடு பின்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

அதிகாரி கண்ணாடி போட்டவர், ஒல்லியானவர். அவரைப் பற்றி மாமா சொன்ன கதைகளில் அவர் இன்னும் பெரிதாக இருந்தார். மாமா வணக்கம் சொல்லிவிட்டுச் சுற்றிக்கொண்டு வந்ததைப் பிரித்தார். நான் சட்டையை இழுத்தேன். மாமா என் கையை எடுத்துவிட்டார். மறுபடியும் இழுத்தேன். அதற்குள் பேண்ட் மேஜைமேல் நின்றுவிட்டது.

"சார், மடிப்பு வச்சது நான். ஆபீசுல கேக்கல, ஆளுங்களும் கேக்கல. நானா வச்சேன். தூசி விழுற எடம்னு தெரிஞ்சும் யோசிக்காம போயிட்டேன். எல்லாருக்கும் இப்படித்தான் ஆவும்."

அதிகாரி பென்சிலால் மடிப்பைத் தட்டினார். முதலில் ஒரு காலில், பிறகு மறுகாலில். "இதைக் கொண்டாரச் சொல்லி யார் உங்களுக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க."

"யாரும் சொல்லாமலா வந்தீங்க?"

"ஆமாங்க. ஞாயித்துக்கிழமை மிஷின் எல்லாத்தையும் இங்கயே கொண்டாந்து, உங்க சைக்கிள் ஷெட்டுல போட்டு, எல்லாரு பேண்ட்டையும் பிரிச்சு நேரா அடிச்சுத் தந்துர்றேன். பாக்கெட்டுக்கும் மூடி வச்சுர்றேன், அதுலயும் தூசி போவும். நீங்க ஒண்ணும் தர வேணாம்."

அதிகாரி பென்சிலைக் கீழே வைத்தார். அவ்வளவுதான், ஆர்டர் போயிற்று, அத்தைக்கு என்ன பதில் சொல்வது என்று நான் அழத் தயாரானேன். அப்போதுதான் மாமா அதைச் சொன்னார்.

"ஒண்ணு சார். என் மடிப்பு மோசம்தான். ஆனா உங்க சிமெண்ட்டு இருக்கே, ஒரே ராத்திரியில என்னா புடி! இத வச்சு மாடி வூடே கட்டலாம்."

அதிகாரி சிரித்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு, திருச்சிக்காரர்கள் தைத்த சட்டைக்குச் சாயம் போனபோது பலமுறை சொல்லி அனுப்பியும் ஓர் ஆள்கூட எட்டிப் பார்க்கவில்லை என்று என்னவோ சொன்னார். நான் அதைச் சரியாகக் கவனிக்கவில்லை. கிளம்பும்போது, "ஞாயித்துக்கிழமை வாங்க. சுண்ணாம்புக்கல் வெட்டுற சுரங்கத்து ஆட்களையும் வரச் சொல்றேன், அவங்களுக்கும் அளவு எடுத்துக்குங்க" என்றார். அதை மட்டும் நன்றாகக் கவனித்தேன்.

எனக்குக் கல்யாணமாகி ஊரைவிட்டுப் போகும்வரை அந்த ஆலைக்கு மாமாதான் காக்கி தைத்தார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதற்கு என் மாமாதான் சாட்சி என்று வெகுகாலம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தையில் அதிகாரியை மடக்கினார் பாருங்கள் என்று அபிநயத்தோடு நடித்தும் காட்டுவேன். எங்கள் குடும்பத்தில் கதையை வளர்ப்பது ரத்தத்தில் வருவது.

அந்தக் கதையில் நான் சேர்க்காமல் விட்ட இடம் ஒன்று உண்டு. சேர்க்க வேண்டும் என்று அப்போது தோன்றியதே இல்லை. ஆலை வாசலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்ததும், மாமா ஒரு சிறு பாலத்தின் ஓரத்தில் சைக்கிளை நிறுத்தி என்னை இறக்கிவிட்டார். "செயின் கழண்டுருச்சு" என்று சொல்லிப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தார். நான் குனிந்து பார்த்தேன். செயின் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது.

"நல்லாத்தானே இருக்கு மாமா."

"இருக்கட்டும். கொஞ்சம் இரு."

மழை தூறிக்கொண்டிருந்தது. மாமா இரண்டு கையையும் முழங்காலின் மேல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அப்படியும் முழங்கால்கள் ஆடின. குளிர்கிறது போல என்று நினைத்தேன். இவ்வளவு பெரிய காரியத்தை ஜெயித்தவர் அத்தையிடம் சொல்ல ஒரே மூச்சில் பறக்க வேண்டாமா, நல்ல சைக்கிளை வைத்துக்கொண்டு நடுவழியில் உட்காருவானேன் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. எழுந்திருக்கட்டும் என்று சைக்கிள் மணியை அடித்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. நான் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தேன்.