இடியண்ணன் இயர்போன் வாங்கிய கதை

படித்தவன்தான் பிழைப்பான் என்று பேசுகிறவர்கள் ஒருமுறை இடியண்ணனின் மூன்று மாடிக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து பேசட்டும். கீழே மோட்டார் பட்டறை, நடுமாடி வாடகைக்கு, மேல்மாடியில் அவர். பட்டறையில் தரை கூட்டுகிற வேலைக்கு வந்த மனுசன், கடைசியில் அந்தப் பட்டறையையே விலைக்கு வாங்கினார். யார் சிபாரிசும் இல்லை, எந்த மாமன் மச்சான் தயவும் இல்லை. எரிந்துபோன மோட்டாருக்குப் புதுச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுத்தால், வாங்கிப் போனவன் பேரன் காலம்வரை அது ஓடும். கையெழுத்துப் போடுவார், கடைப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பார். அதற்குமேல் எழுத்து அவருக்கு எதற்கு? சரிசெய்த மோட்டாரை ஓடவிட்டு, அந்தச் சத்தத்தைப் போனில் பதிந்து வைத்துக்கொள்வார். நாளைக்கு ஒருவன் வந்து, "நீங்க பாத்ததுலேருந்து உறுமுது" என்று நின்றால், "இந்தா கேளு, நான் குடுத்தப்ப இப்படித்தான் பாடிச்சு" என்று போட்டுக் காட்டுவார். வந்தவன் வாயை மூடிக்கொண்டு போவான்.

ஓடுகிற மோட்டாருக்கு மேலே குரலை ஏற்றிப் பேசிப் பேசிப் பழகியதால், அவர் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டாலும் தெருக்கோடியில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். இடியண்ணன் என்று பெயர் விழுந்தது அப்படித்தான். ஆனால் அவருக்குச் சோறு போட்ட மோட்டார்கள் அதற்குக் கூலியாக அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டன.

மனைவி போன பிறகு மேல்மாடியில் மூன்று அறைக்கும் சேர்த்து ஓர் ஆள். மின்விசிறியைப் போட்டால் ஒரு சத்தம், நிறுத்தினால் அதுவும் இல்லை. வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தூரதேசத்தில் புருசன் பிள்ளைகளோடு இருக்கிற மகள் போன் செய்வாள். அவருக்கு இருப்பது அந்த ஒரே மகள். அவளுக்கு அம்மாவின் குரல், பஞ்சு மாதிரி. போனைக் காதோடு அழுத்தினால் குசுகுசு என்று கேட்கும். ஸ்பீக்கரில் போட்டால் தகரக் கூரையில் மழை. கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்கிற பழக்கம் இடியண்ணனுக்குக் கிடையாது. அதற்கு ஒரே வழி, தானே பேசிவிடுவது. பட்டறை வாங்கிய கதை, யாராலும் அசைக்க முடியாத பம்பை ஒற்றை ஆளாக ஓட வைத்த கதை, கடன் தர மறுத்த வங்கி மேலாளரே பின்னால் வந்து இவர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்த கதை. அவள் "ம்" என்பாள். அது கேட்கும்.

ஒரு ஞாயிறு, சின்னவனுக்குக் காய்ச்சல் என்று அவள் சொன்னதற்கு இவர், "நல்லது, நல்லது, அப்படியே வளரட்டும்" என்று சிரித்துவிட்டார்.

அந்தப் பக்கம் அவள் கத்தினாள். கத்தியதால் கேட்டது.

"காது மெஷின் வைங்கன்னு எத்தனை தடவப்பா சொல்றது?"

"ஊர்ல இருக்கற மெஷினுக்கெல்லாம் வைத்தியம் பாத்தவன் நான். எனக்கு ஒரு மெஷினா?"

"அப்ப நான் இனிமே மெசேஜ் போட்டுடறேன். நிதானமா படிச்சுக்கோங்க. ரெண்டு பேருக்கும் கஷ்டம் இல்ல."

கண்ணாடி போட்டுக்கொண்டு செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்து வளர்ந்தவள் அவள். அப்பா படம் பார்த்தாரா எழுத்துப் பார்த்தாரா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மெசேஜ் வந்தால் டீக்கடைக்காரரிடமோ நடுமாடிக் குடித்தனக்காரரிடமோதான் நீட்ட வேண்டும். பெற்ற மகளின் பேச்சு ஊரான் வாயிலிருந்து வர வேண்டும்.

"வேண்டாம் கண்ணு. ரெண்டு வாரம் குடு. எப்படிக் கேக்கறேன் பாரு."

"சரி, ரெண்டு வாரம். சரிவரலேன்னா மெசேஜ்தான். அப்புறம் கோவிச்சுக்கக் கூடாது."

மறுநாள் காலை செல்போன் கடையில் நின்றார். காதுக்குள் சொருகுகிற இயர்போன் என்றால் யாரும் செவிடன் என்று சொல்லமாட்டார்கள், இளந்தாரி மாதிரி இருக்கிறார் என்றுதான் சொல்வார்கள். கடையை நடத்துகிற அம்மாள் வாயாடி. அவள் வீட்டு மோட்டாரும் இவர் கைபட்டதுதான்.

"பெரிய கம்பெனி சரக்கு காட்டட்டுமாண்ணே?"

"டப்பாவுக்குக் காசு குடுக்க நான் என்ன ஏமாளியா? விலை கம்மியா, உழைக்கற மாதிரி எடு."

அவள் இரண்டை எடுத்து வைத்தாள். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. இரண்டும் ஒயர் உள்ளவை, விலையிலும் அதிக வித்தியாசமில்லை. பாட்டுப் போடப் போனாள். அவர் அவள் கையைத் தடுத்து, தன் போனில் இருந்த ஒரு மோட்டார் சத்தத்தைப் போட்டார். பேரிங் கெட்டிருக்கிறதா என்று பார்க்க, ஸ்குரூடிரைவர் முனையை மோட்டார் மேலும் பிடியைக் காதோரத்து எலும்பிலும் வைத்துக் கேட்கிறவர் அவர். அடியிலிருந்து வருகிற உறுமல்தான் அவருக்குச் சத்தம். மற்றதெல்லாம் சலசலப்பு. கறுப்பில் அந்த உறுமல் முழுசாக வந்தது, நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. வெள்ளையில் வெறும் தகரம்.

"கறுப்புதான் சரக்கு."

"அண்ணே, நீங்க மோட்டார் கேக்கவா வாங்கறீங்க?"

"சத்தம்னா எல்லாம் சத்தந்தான். எனக்கே பாடம் எடுக்காத."

காதில் மாட்டுகிற ரப்பரில் மூன்று அளவு இருந்தது. அவர் பெரியதைப் பிடித்துத் திருகித் திருகி ஏற்றினார். பம்பில் சீல் லூசாக இருந்தால் காற்று கசியும், தண்ணீர் ஏறாது. காதும் அப்படித்தானே.

"வலிக்கலையா?"

"சீல்னா இறுக்கமாத்தான் இருக்கும்."

ஞாயிறு வந்தது. போன் அடித்தது. காதைக் கறுப்பால் அடைத்துக்கொண்டு "சொல்லும்மா" என்றார். அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேசினது போல அவர் குரலே அவர் மண்டைக்குள் முழங்கியது. அவர் போட்ட இடி அவருக்கே விழுந்தது அன்றுதான். தன்னையறியாமல் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியும் முழங்கியது. இன்னும் தாழ்த்தினார்.

"என்னப்பா ரகசியம் பேசறீங்க? பக்கத்துல யாராவது தூங்கறாங்களா?"

"இங்க யாரு இருக்கா தூங்க?"

"கொஞ்சம் சத்தமாத்தான் பேசுங்களேன்."

அவரிடம் இப்படி ஒரு வேண்டுகோளை உலகத்தில் யாரும் வைத்ததில்லை. அவள் குரலோ கொழகொழவென்று, கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. உறுமல் இருந்தது, வார்த்தை இல்லை. அவள் ஏதோ கேட்க, இவர், "பூச்சு வேலை முடிஞ்சுதும்மா, வெள்ளையடிக்கணும்" என்றார்.

"டாக்டர்கிட்ட எப்பப் போறீங்கன்னு கேட்டேன்பா." பெருமூச்சு விட்டாளோ என்னவோ, அதுவும் கேட்கவில்லை. "அடுத்த வாரம் கடைசி."

இரண்டு காதும் பழுத்த மிளகாய் மாதிரி சிவந்து எரிய, அவர் மறுபடி கடைக்குப் போனார்.

"காதுக்குள்ள போனதைத் திருப்பி எடுக்கமாட்டேன்ணே" என்று அவள் முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

"யாரு கேட்டா? வெள்ளையை எடு."

"யாரு பேச்சைக் கேக்கணும், அதச் சொல்லுங்க மொதல்ல."

சொல்லலாமா என்று பார்த்தார். "பொண்ணு" என்றார்.

அதற்குமேல் அவள் கேலி பேசவில்லை. ரப்பர்களைத் தட்டில் கொட்டி, ஒவ்வொன்றாக மாட்டிப் பார்க்கச் சொன்னாள். இடது காதுக்கு நடு அளவு, வலது காதுக்குச் சின்னது. "ரெண்டு காதும் ஒரே அச்சுல வார்த்ததா என்ன? இறுக்காதீங்க. சும்மா உக்காந்தாப் போதும்." பிறகு அவர் போனுக்கு அழைப்பைப் போட்டுக்கொண்டு தெருவின் அந்தப் பக்கம் போய் நின்றாள். வண்டிகள் குறுக்கே போயின. தகரம் போல மெலிசாக, ஆனால் வார்த்தை வார்த்தையாக, அவள் குரல் வந்தது.

"இடியண்ணே, மீசையில டீ ஒட்டியிருக்கு."

அவர் மீசையைத் துடைத்துக்கொண்டார். தெருவுக்கு அந்தப் பக்கம் அவள் சிரிப்பதும் கேட்டது.

கடைசி ஞாயிறு. நாற்காலியைச் சன்னலோரம் இழுத்துப் போட்டு, வெள்ளையை மாட்டிக்கொண்டு, போன் அடிக்குமுன்பே உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, கேக்குதா?"

கேட்டது. "பா"வில் உதடு பிரிகிறதுகூடக் கேட்டது. செத்துப்போன மனைவியே எதிரே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமலிருக்க, தெரிந்த வழியில் இறங்கினார். "ஒரு தடவ என்ன ஆச்சு தெரியுமா, அந்த பேங்க்காரரு..."

"ம்" என்றாள்.

அந்த "ம்" முன்னைப் போல மொட்டையாக வரவில்லை. அதற்கு முன்னால் ஒரு மூச்சு இருந்தது. பின்னால் தட்டு ஒன்று தட்டில் மோதியது. பிள்ளைகள் எதற்கோ அடித்துக்கொண்டார்கள். இவர் கதையில் வங்கி வாசல்வரை வந்திருந்தார். அப்போது அவள் போனைத் தள்ளிப் பிடித்து, பக்கத்தில் இருந்த புருசனிடம் தணிந்த குரலில் சொன்னாள்.

"எங்க அப்பாதான். கொஞ்ச நேரம் 'ம்' கொட்டினாப் போதும், அவரே முடிச்சிடுவாரு."

இடியண்ணன் நிறுத்தினார்.

"ம், அப்புறம்?" என்றாள்.

"அவ்வளவுதான்."

அந்தக் கதை ஒரு நாளும் அங்கே முடிந்ததில்லை. அவளுக்கும் அது தெரியும். அவள் வீட்டில் எங்கோ தண்ணீர் சொட்டியது. சொட்டி, நின்று, மறுபடி சொட்டியது. என்ன பேசுவது என்று தெரியாத நேரத்தில், கை பழகிய வேலைக்குப் போவதுபோல, வாய் பழகிய பேச்சுக்குப் போயிற்று.

"உன் வீட்டுக் குழாயில வாஷர் தேஞ்சிருக்கும்மா. மாத்தச் சொல்லு."

"அது உங்களுக்குக் கேக்குதா?"

"கேக்குது."

அவள் மூச்சை இழுத்துப் பிடித்தாள். குழாய் கேட்ட காதுக்கு வேறு என்ன கேட்டிருக்கும் என்று கணக்குப் போட எவ்வளவு நேரம் ஆகும்?

"அப்பா, நான் வந்து..."

"பாத்திரம் நெறைய கெடக்கா?"

"...ஆமாம்பா."

"சின்னவன் காய்ச்சல்?"

"போயிடுச்சு. நான்தான் தூங்கி நாளாச்சு. வேலைக்குப் போயிட்டு வந்து, இதையும் பாத்து..." அவள் குரல் உடைந்து, சரியாயிற்று. "உங்ககிட்டச் சொன்னா நீங்க வேற எதையோ சொல்லுவீங்க. அதான் சொல்றதில்ல."

உள்ளதைத்தானே சொல்கிறாள்.

"மெசேஜ் வேண்டாம்மா" என்றார். "பேசவும் வேண்டாம். போனை அங்கயே வச்சுட்டு உன் வேலையப் பாரு. கட் மட்டும் பண்ணாத."

"சும்மாவா இருப்பீங்க?"

"சும்மாத்தான் இருக்கேன் இங்க."

போன் சமையல் மேடைமேல் சாய்த்து வைக்கப்படுகிற சத்தம் வந்தது. பிறகு தண்ணீர். கரண்டிகள். பெரியவள் ஏதோ பாடம் ஒப்பித்தாள், சின்னவன் அதைக் கேலி செய்தான், அவன் அப்பா அதட்டினான். யாரும் இவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. சன்னலுக்கு வெளியே விளக்குகள் ஏற்றினார்கள். இவர் எழுந்து விளக்குப் போடவில்லை, ஒயர் இழுத்துக் கழன்றுவிடுமோ என்று.

"அம்மா, போன்ல யாரு?" என்று சின்னவன் கிட்டத்தில் வந்து கேட்டான்.

"தாத்தா."

"என்ன பேசறாரு?"

"ஒண்ணும் பேசல. கேட்டுக்கிட்டிருக்காரு."

சின்னவன் போனருகே மூச்சு விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அவனும் ஓடிப் போனான். இடியண்ணன் வாயைத் திறக்கவில்லை.