நாலு டம்ளர் தண்ணீர்

தினமும் காலையில் என் கணவரின் முழங்காலுக்குக் கீழே, எலும்பின்மேல், கட்டைவிரலை வைத்து அழுத்துவேன். மனதுக்குள் பத்து எண்ணிவிட்டு விரலை எடுப்பேன். குழி உடனே மேலெழும்பினால் நல்லது. அப்படியே நின்றால் உடம்பில் நீர் கூடிவிட்டது, உடனே பஸ் ஏறி வரவேண்டும் என்று அருப்புக்கோட்டை டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார். குழி நின்றதா, பாதி எழும்பியதா என்பது எனக்கு ஒருநாளும் தெளிவாகத் தெரிந்ததில்லை. மறுபடி அழுத்துவேன்.

"இட்லி வெந்துருச்சான்னு பாக்குற மாதிரியில்ல பாக்குற" என்பார் அவர்.

அது அறுபதுகளின் கடைசி. எம்.ரெட்டியபட்டியில் பலசரக்குக் கடை வைத்திருந்தோம். அவருக்கு முப்பத்தொரு வயது, எனக்கு இருபத்திரண்டு, பெண்ணுக்கு ஒன்றரை. சிறுவயதில் மூட்டு வீங்கி வந்த காய்ச்சலில் அவருடைய இருதயம் கெட்டுப்போயிருந்தது என்பதே அந்த வருஷம்தான் தெரிந்தது. சீனி மூட்டையைத் தூக்கி வைத்தவர், மூச்சு வாங்கி அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். ரத்தத்தைத் தள்ள இருதயத்துக்குத் தெம்பில்லை, அதனால்தான் நீர் தேங்குகிறது என்றார் டாக்டர். நீர் பிரிய ஒரு மாத்திரை கொடுத்தார். உப்பு கூடாது. தண்ணீர் நாளைக்கு நாலு டம்ளர்.

"நீ படிச்ச பொண்ணு. நீதான் பாத்துக்கணும்" என்றார் என்னிடம்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். சொன்னதைச் சொன்னபடி செய்தேன். விடிந்ததும் நாலு டம்ளர் தண்ணீரை அளந்து பித்தளைச் செம்பில் ஊற்றித் தட்டால் மூடி வைப்பேன். செம்பு காலியானால் அன்றைய தண்ணீர் முடிந்தது. குழம்பையும் வீடு முழுமைக்கும் உப்பில்லாமல்தான் வைத்தேன்.

"உப்பில்லாமத் திங்க எம்மவன் என்னத்தா குத்தம் செஞ்சான்?" என்று மாமியார் தட்டை நகர்த்தி வைத்தார். அவருக்கு ஒரே மகன்.

கடைக்கு வருகிறவர்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. "என்ன மொதலாளி, ஊருணி வத்துனதுக்கு ஒங்க வீட்டுலயும் ரேஷனா?" என்று கேட்பார்கள்.

"எனக்கு மட்டுந்தாம்ப்பா ரேஷன். போட்டது படிச்சவுக" என்பார். சிரிப்பதற்குள் இளைப்பு வந்துவிடும்.

அப்படியும் வீக்கம் வற்றவில்லை. செருப்பு வார் காலில் பதிந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தபடியே தூங்கினார். என் மகள் என்னைப் பார்த்துப் பழகி, தத்தித் தத்திப் போய் அவர் காலில் தன் விரலை வைத்து அழுத்துவாள். அந்தச் சின்ன விரலுக்கும் குழி விழுந்தது.

எனக்கு மாமியார்மேல் சந்தேகம் வந்தது. நான் துணி துவைக்கப் போகும் நேரத்தில் மகனுக்குத் தண்ணீர் கொடுக்கிறாரோ? தண்ணீர்ப் பானையின் உட்புறத்தில் கரியால் கோடு போட்டு வைத்துப் பார்த்தேன். கடைசியில் கேட்டும் விட்டேன். அவர் என் இடுப்பிலிருந்த குழந்தையின் தலையில் கை வைத்து, "இது மேல ஆணையா நான் குடுக்கல" என்றார். அப்புறம் சில நாட்கள் என்னோடு பேசவில்லை.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்சம்மா விசாரித்தார். நான் நாலு டம்ளர் கணக்கைப் பெருமையாகவே சொன்னேன்.

"காலையில என்ன சாப்பிடுறாரு?"

"பழைய சோறு. அது ஊறுன நீச்சத்தண்ணி ஒரு சொம்பு. உப்புக்கூடப் போடுறதில்ல."

"மத்தியானம்?"

"கம்மங்கூழு. மோர் விட்டுக் கரைச்சுக் குடுப்பேன், ரெண்டு மூணு டம்ளர்."

அவர் என்னைத் திட்டவில்லை. "அதெல்லாம் என்னம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"சாப்பாடு" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே விளங்கிவிட்டது.

எங்கள் பக்கம் நீச்சத்தண்ணியை யாரும் தண்ணீரில் சேர்ப்பதில்லை. காட்டுக்குப் போகிறவர்கள் அதைக் குடித்துவிட்டுச் சாப்பிட்டாயிற்று என்பார்கள். நானும் அப்படியே நினைத்திருந்தேன். நாலு டம்ளரை அளந்து வைத்துவிட்டு, அதற்குமேல் ஆறேழு டம்ளரை என் கையாலேயே கொடுத்து வந்திருக்கிறேன்.

"படிச்ச புள்ளைன்னு சொல்லித்தாம்மா கட்டி வச்சாக" என்று என் கணவர் நர்சம்மாவிடம் சொன்னார். என்னைச் சிரிக்க வைப்பதற்காகத்தான் சொன்னார்.

அன்றிலிருந்து நீச்சத்தண்ணியை மாட்டுக்கு ஊற்றினேன். கூழும் மோரும் இல்லை. பிழிந்த சோறு, கெட்டிக் குழம்பு. மாமியாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைத்தேன், கேட்கவில்லை. நாலைந்து நாள் கால் வற்றியது போலிருந்தது. என் கண்ணுக்கு மட்டும் அப்படித் தெரிந்ததோ என்னவோ. பிறகு வயிறும் வீங்கியது.

கடைசி நாள் காலையில், குளிப்பாட்டிவிட்ட குழந்தையைத் துவட்டிக்கொண்டிருந்தேன். "இந்தா புள்ள, எனக்கு ஒரு வாய் நீச்சத்தண்ணி குடேன்" என்றார் அவர்.

"அது வேணாங்க. சொம்புல இன்னும் ரெண்டு டம்ளர் தண்ணிதான் இருக்கு. சாயங்காலம் வரைக்கும் வேணுமில்லங்க" என்றேன்.

அவர் மறுபடி கேட்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மத்தியான பஸ் வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

கெட்டது இருதயத்தின் வால்வு, நீச்சத்தண்ணி கொடுத்ததாலும் கொடுக்காததாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்று டாக்டர் பிறகு சொன்னார். அது உண்மையாக இருக்கலாம். எனக்காகச் சொன்னதாகவும் இருக்கலாம். கொடுத்த நாட்களை நினைத்தால் கொடுத்திருக்கக் கூடாது என்று தோன்றுகிறது. அந்த ஒரு காலையை நினைத்தால் கொடுத்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. இரண்டில் ஒன்றுகூட என்னை விடவில்லை.

துக்கம் கேட்க வந்து உட்கார்ந்தவர்களின் காலையெல்லாம் என் மகள் விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

பதினாறாம் நாள் அவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்துப் படைத்தார்கள். இலைக்குப் பக்கத்தில் வைத்த செம்பில் நீச்சத்தண்ணியை என்னையே ஊற்றச் சொன்னார் மாமியார். பாதி ஊற்றியதும் என் கை தானாக நின்றுவிட்டது.

"நெறையா ஊத்து தாயி" என்றார் அவர்.